கவிழ்த்தால் ஓடாத தண்ணீர்

எனக்கு முதலில் தரப்பட்ட ஆய்வுத் தலைப்பு ஆமணக்கெண்ணெய். அதிலிருந்து பிரிக்கும் ஒரு கொழுப்பமிலத்துக்கு ஐதரசன், அதாவது ஹைட்ரஜன் வாயு, ஏற்றினால் வெள்ளை மெழுகுபோல ஒன்று வரும். அதில் ஒரு சிட்டிகையை எண்ணெயில் போட்டுச் சூடாக்கிக் கரைத்து ஆறவிட்டால், எண்ணெய் முழுவதும் தானாக உறைந்து ஜெல்லாகிவிடும். கிண்டத் தேவையில்லை, வேறெதையும் சேர்க்கத் தேவையில்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து அடுக்காகி, அடுக்குகள் நூலாகி, நூல்கள் சிக்கி வலையாகி, எண்ணெயைத் தமக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பேராசிரியர் இதைச் சொன்ன அன்று பஸ்ஸில் வெள்ளவத்தை வரை நின்றுகொண்டே வந்தேன். பக்கத்து இருக்கை காலியானதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஐதரசன் ஏற்றுவதற்கு ஐதரசன் சிலிண்டர் வேண்டும். விண்ணப்பம் எழுதினேன். அது மேசைக்கு மேசை போய் ஏதோ ஒரு மேசையில் தங்கிவிட்டது. போரின் கடைசி வருடங்கள் அவை. பஸ்ஸில் குண்டு, ரயிலில் குண்டு என்று கொழும்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தீப்பற்றும் வாயுவை அழுத்தத்தில் அடைத்த சிலிண்டர் ஒன்றை, அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று பிறந்த இடம் போட்டிருக்கும் ஒரு பெண் கேட்டால், கையெழுத்துப் போட யாருக்கு மனம் வரும்? அந்த மேசையில் நான் இருந்திருந்தாலும் யோசித்திருப்பேன்.

மூன்று மாதம் காத்திருந்த பிறகு பேராசிரியர் சொன்னார்: "சிலிண்டரை விடும். கஜுவுக்குப் போவம்."

"கஜுவோ, சேர்?"

"பருப்பில்லை, ஓடு. எங்களுக்கு மரம் செடியிலயிருந்து வாற பொருள் வேணும். வருசா வருசம் திரும்ப விளையவேணும். ஆரின்ர சாப்பாட்டையும் பறிக்கக் கூடாது. கஜு ஓடு மூண்டுக்கும் சரி. எல்லாரும் எறியிறதுதானே."

மரமுந்திரி ஓட்டின் இரண்டு தோலுக்கும் நடுவே கறுப்பாக ஓர் எண்ணெய் இருக்கிறது. கையில் பட்டால் தோல் வெந்து உரியும். அந்த எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் வருகிற பொருளின் மூலக்கூறுக்கு நீளமான வால் ஒன்று உண்டு. அந்த வாலுக்குத் தண்ணீர் பிடிக்காது. அதன் மறுமுனையில் ஒரு குளுக்கோசை ஒட்டிவிட்டால், அந்த முனைக்குத் தண்ணீர் பிடிக்கும். தண்ணீரை விரும்பும் தலையும் வெறுக்கும் வாலுமாக இருக்கும் மூலக்கூறுகள், சூடு ஆறும் தண்ணீருக்குள் வாலோடு வால் சேர்ந்து அடுக்காகும். தண்ணீரே ஜெல்லாகும். அதுதான் எங்கள் கணக்கு.

ஓட்டுக்கு எங்கே போவது? புறக்கோட்டையில் எல்லாக் கடையிலும் பருப்புத்தான் இருந்தது. ஓடு கேட்டபோது சிரித்தார்கள். கடைசியில் ஒரு வியாபாரி, கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கையைச் சொல்லி, அங்கே புத்தளத்திலிருந்து கொட்டை இறக்கி வீட்டு முற்றத்தில் பெண்களை வைத்து உடைக்கிற ஒருவர் இருக்கிறார் என்றார்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும்; முஸ்லிம் அக்காமாரை அழைப்பதுபோல எல்லோரும் அவரை 'ராத்தா' என்றார்கள். முக்காடு போட்டு, பலகை ஒன்றில் பொருத்திய வெட்டுக்கத்தியின் முன்னால் குந்தியிருந்தார். சுற்றிவர நான்கைந்து பெண்கள். எல்லோர் கையிலும் சாம்பல் பூசியிருந்தது. சாம்பலுக்குக் கீழே விரல்கள் கறுத்திருந்தன; சில இடங்களில் புதிதாக முளைத்த தோல் இளஞ்சிவப்பாக இருந்தது.

"ஓடோ?" என்றார். "எல்லாரும் பருப்பைத்தானே கேப்பினம். ஓட்டை வச்சு என்ன செய்யப் போறியள்?"

"ஒரு ஆராய்ச்சி, ராத்தா. அதில இருக்கிற எண்ணெய் வேணும்."

அவர் தன் கையை விரித்துக் காட்டினார். "இந்த எண்ணெயோ? எங்களைக் கேட்டிருந்தா வேண்டாம் எண்டு சொல்லியிருப்பம்."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் அவருடைய பேச்சை உற்றுக் கேட்டேன். அது கொழும்புப் பேச்சு அல்ல. புத்தளமும் அல்ல.

"ராத்தா யாழ்ப்பாணமோ?"

"ஓம். தொண்ணூறில வந்தம்." ஒரு கொட்டையைக் கத்தியில் வைத்து அழுத்தினார்.

தொண்ணூறில் எனக்குப் பத்து வயது. எங்கள் ஊரிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் போராளி இயக்கம் வெளியேறச் சொன்ன வருடம் அது. எங்கள் வகுப்பில் மூன்று கதிரைகள் ஒரே நாளில் வெறுமையாகின. ஏன் என்று ரீச்சரிடம் கேட்டோம். அவர் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இதை ராத்தாவிடம் சொல்ல எனக்குப் பல கிழமைகள் எடுத்தன. சொன்னபோது அவர், "உனக்கு அப்ப என்ன வயசு, பிள்ளைதானே" என்று சொல்லிவிட்டு ஓடு அள்ளப் போனார். அன்றிலிருந்துதான் என்னை 'நீ' என்று கூப்பிடத் தொடங்கினார் என்று நினைக்கிறேன்.

ஓட்டுச் சாக்கு எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஓர் இரவு தங்கியது. நானும் அக்காவும் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்துத் தொடர்மாடி ஒன்றில் ஓர் அறையும் குசினியும் எடுத்திருந்தோம். அக்கா, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டச்சு செய்தாள்.

"என்னடி இது மணம்? ஆரும் வந்து சோதிச்சா இது என்னெண்டு சொல்லுவாய்?"

"கஜு ஓடு எண்டு சொல்லுவன்."

"நம்புவாங்கள்!" என்று சொல்லிவிட்டு, சாக்கின்மேல் பழைய சேலை ஒன்றைப் போட்டு மூடினாள். மணத்தை அது மூடவில்லை.

ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்தவர் அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த ஒரு சிங்களப் பெண். தெமட்டகொடையிலிருந்து வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. எனக்கு முதல் மாதமே 'அக்கே', சிங்களத்தில் அக்கா, ஆகிவிட்டார். அவருக்கு நான் 'நங்கி', தங்கச்சி. அவருடைய தம்பி வடக்கில் படையில் இருந்தார். என் அம்மாவும் அப்பாவும் அதே வடக்கில் இருந்தார்கள். காலையில் கதவைத் திறந்ததும் நாங்கள் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி, "கோல் வந்ததா?", வடக்கிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்ததா, என்பதுதான். வந்தது என்றால் அன்று வேலை நன்றாக ஓடும். வரவில்லை என்றால் இரண்டு பேரும் அதிகம் கதைக்காமல் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவோம்.

ஓட்டை இடித்து, கரைப்பானில் ஊறவைத்து, கறுப்பு எண்ணெயைப் பிரித்து, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தோம். முதல் தரம் வெளிர்மஞ்சளாக, தேன்போல ஒன்று சொட்டியபோது அக்கே கைதட்டினார். அடுத்த நாள் அது பழுப்பாகியிருந்தது. காற்றுப்பட்டால் கறுக்கும் என்று படித்திருந்தும், மூடியைச் சரியாக இறுக்கவில்லை. என் இரண்டு விரல்களில் தோல் உரிந்தது. கையுறைக்குள்ளும் எப்படியோ போய்விட்டது. அந்தக் கிழமை சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன். கொட்டாஞ்சேனை முற்றத்துப் பெண்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று அப்போதுதான் யோசித்தேன்.

குளுக்கோசுச் சீனியை ஒட்டுவது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒட்டிய பிறகு ஒட்டாததைப் பிரிக்கவேண்டும். மாவுபோன்ற சிலிக்கா நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயின் வழியே கலவையைத் துளித்துளியாக இறக்கி, ஒவ்வொரு சோதனைக்குழாயாகப் பிடிப்போம். ஒரு நாள் முழுக்க நின்று பிடித்தால் கடைசியில் ஒரு நகத்தளவு வெள்ளைத் தூள் மிஞ்சும்.

அந்தத் தூள் ஜெல் ஆகவில்லை.

தண்ணீரில் கொஞ்சம் மதுசாரம், அதாவது ஆல்கஹால், கலந்து, தூளைப் போட்டுச் சூடாக்கினால் கண்ணாடிபோலக் கரைந்தது. ஆறவிட்டால், அடியில் வெள்ளையாக வண்டல் விழுந்தது. அளவை மாற்றினோம். மதுசாரத்தை மாற்றினோம். பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தோம். கலக்கிப் பார்த்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வெளியே எடுத்துச் சாய்த்துப் பார்த்தோம். ஏழு மாதம் இப்படிப் போனது. பேராசிரியர் கேட்பதையே நிறுத்திவிட்டார். அக்கா ஒரு நாள், கனடாவிலிருக்கும் சித்தப்பாவுக்கு எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஆய்வை விட்டுவிட்டு வெளியே போகலாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன்.

அந்த யோசனை நடந்துகொண்டிருந்த கிழமையில்தான் அந்தப் புதன்கிழமை வந்தது. காலை பத்து மணி இருக்கும். ஒரு சின்னக் குப்பியை வெந்நீர்த் தொட்டிக்குள் வைத்துத் தூளைக் கரைத்திருந்தேன். பனிக்கட்டி எடுக்கத் திரும்பிய நேரம், வெளியே ஓடுகிற சத்தம். காவலாளி கதவில் அடித்தார். படிக்கட்டுக்குக் கீழே யாரோ ஒரு பொதியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எல்லோரும் வெளியே.

அக்கே பிரதான மின்சுவிட்சை அடித்து அணைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். குப்பி தொட்டிக்குள்ளேயே கிடந்தது. மைதானத்து மரத்துக்குக் கீழே வெயில் ஏறும்வரை நின்றோம். படையினர் வந்தார்கள். கட்டடத்தைப் பூட்டினார்கள். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். பொதிக்குள் இருந்தது யாரோ மறந்துவிட்டுப் போன பாடக்கொப்பிகளும் சாப்பாட்டுப் பெட்டியும் என்று அடுத்த நாள் காலையில் தெரிந்தது.

நான் போக முதலே அக்கே வந்திருந்தார். நேற்றைய குப்பிகளைக் கழுவுவதற்காகத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு குப்பியை எடுத்துக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். பிறகு அப்படியே நின்றார்.

"நங்கி," என்றார் மெதுவாக. "மேக்க வெட்டென்னெ நே."

இது விழுகிறதில்லை.

நான் கிட்டப் போனேன். குப்பி தலைகீழாக அவர் கையில் இருந்தது. தண்ணீர் மேலே, குப்பியின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. லேசான பால் நிறம். அதற்குப் பின்னால் அக்கேயின் விரல் தெரிந்தது. தட்டினேன். அசையவில்லை. நூறு பங்கில் ஒரு பங்குகூடத் தூள் இல்லை. மிச்சமெல்லாம் தண்ணீரும் மதுசாரமும். ஆனால் ஓடவில்லை.

அக்கே குப்பியை மேசையில் வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கு அழுகை வந்தது. இத்தனை மாதமும் நாங்கள் செய்த பிழை என்னவென்று அந்த நிமிடமே இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடி அடுக்குவதற்கு நாங்கள் நேரம் கொடுக்கவே இல்லை. பனிக்கட்டியில் போட்டு அவசரப்படுத்தினோம். அடிக்கடி எடுத்து ஆட்டினோம். பூட்டிய கட்டடத்துக்குள் தொட்டித் தண்ணீரோடு சேர்ந்து மெல்ல மெல்ல ஆறிய அந்த ஒரு குப்பியைத்தான் ஒருவரும் தொடவில்லை.

அடுத்த கிழமைக்குள் ஆறு குப்பிகள் வைத்தோம். மேசையில் வைத்துத் தொடாமல் விட்ட ஆறும் கால் மணித்தியாலத்தில் ஜெல் ஆனது. சூடாக்கினால் உருகித் தண்ணீரானது. ஆறவிட்டால் திரும்பவும் ஜெல் ஆனது. எத்தனை தரம் செய்தாலும் அப்படியே. கனடாக் கடிதத்தைப் பற்றி அக்கா பிறகு கேட்கவில்லை.

ராத்தாவுக்கு இதைக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு குப்பியை மெல்லிய ரிஷுத் தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்து, மத்தியானத்துக்குப் பிறகு மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். கொட்டாஞ்சேனைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸைச் சோதனைக்கு நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அது வழமைதான். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. ஒரு பெண் பொலிஸ் என் பையைத் திறந்து ரிஷுவைப் பிரித்தார்.

"மே மொகக்த?" என்று கேட்டார். இது என்ன?

"ஜெல்."

"தலைக்குப் பூசுற ஜெல்லா?"

அவர் எனக்கு ஒரு வழியைத் திறந்து விட்டிருக்கிறார். இப்போது விளங்குகிறது. ஓம் என்று தலையாட்டியிருந்தால் மூடித் தந்திருப்பார். ஆனால் ஏழு மாதம் கஷ்டப்பட்ட பொருளைத் தலைக்குப் பூசுகிற ஜெல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்லை, இது நாங்கள் ஆய்வுகூடத்தில் செய்தது" என்று என் அரைகுறைச் சிங்களத்தில் பெருமையாகச் சொன்னேன்.

அவர் குப்பியைப் பார்த்தார். அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பாறை உடைக்கும் வெடிமருந்துக்கும் பெயர் 'ஜெல்' என்றுதான் தொடங்கும் என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

பொலிஸ் நிலையத்தில் என்னை ஒரு நீளமான மர வாங்கில் இருத்தினார்கள். குப்பியை ஒரு வாளி மணலுக்குள் வைத்தார்கள். ஆய்வுகூடத்துத் தொலைபேசி இலக்கத்தைச் சொன்னேன். அக்காவின் இலக்கத்தையும் சொன்னேன். அதே வாங்கின் மறுமுனையில் ஐம்பது வயதிருக்கும் ஒருவர் காலையிலிருந்து இருந்தார். புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை. அட்டையில் இருந்தது மலையகத்துத் தோட்டத்து விலாசம், தங்கியிருப்பது இங்கே; அதனால் பிடித்து வைத்திருந்தார்கள்.

"தங்கச்சி, ஒங்களுக்கு ஆளு வருவாங்களா?" என்று கேட்டார்.

"வருவினம் ஐயா."

"எனக்கு யாருக்குச் சொல்றதுன்னே தெரியல" என்றார். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை.

முக்கால் மணித்தியாலத்தில் அக்கே ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆய்வுகூட மேலங்கியைக் கழற்றக்கூட இல்லை. கையில் எங்கள் ஆய்வுப் புத்தகம், பேராசிரியரின் கடிதம். உள்ளே மேசையில் ஓர் உப பொலிஸ் பரிசோதகர் இருந்தார்; பேச்செல்லாம் சிங்களத்தில்தான். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "கடிதம் யாரும் எழுதலாம், மிஸ். இது வெடிக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த நேரம் அவருக்கு ஒரு கிளாஸ் பிளேன்ரீ, பால் சேர்க்காத தேத்தண்ணி, கொண்டுவந்து வைத்தார்கள். ஆவி பறந்தது. அக்கே அதைப் பார்த்தார்.

"சேர், அந்தத் தேத்தண்ணியைத் தருவீங்களா?"

அவர் விளங்காமல் கிளாஸை அக்கேயின் பக்கம் நகர்த்தினார். அக்கே மணலிலிருந்து குப்பியை எடுத்து, முதலில் கவிழ்த்துக் காட்டினார். ஓடவில்லை. பிறகு மூடியை இறுக்கிக் குப்பியைக் கழுத்துவரை தேத்தண்ணிக்குள் இறக்கினார். பின்னால் நின்ற கொன்ஸ்டபிள் ஓரடி பின்வாங்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரமாக இளகியது. நடுவில் ஒரு கட்டி மிதந்தது. அதுவும் கரைந்தது. அக்கே குப்பியை வெளியே எடுத்துச் சாய்த்தார். தண்ணீர்.

"இப்ப இதை மேசையில வைக்கிறன். ஆறவேணும். ஒருத்தரும் தொடக்கூடாது. மேசை அசையவும் கூடாது."

அதே மேசையின் மறுபக்கத்தில் ஒரு கொன்ஸ்டபிள் தாள்களுக்கு இறப்பர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் குப்பி துள்ளியது. பரிசோதகர் அவரைப் பார்த்து, "கொஞ்சம் நிறுத்து" என்றார். அவர் நிறுத்தினார்.

அப்படி ஓர் அமைதியை நான் ஒரு பொலிஸ் நிலையத்தில் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் ஒரு குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கில் இருந்த மலையகத்துக்காரர்கூட எழுந்து எட்டிப் பார்த்தார். வேகமாக ஆறினால் வண்டல் விழுந்துவிடும். விழுந்தால் இவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவேன்?

பரிசோதகர் கேட்டார், "எதில் செய்தது?"

"கஜு ஓட்டில" என்றேன். "அதிலிருக்கிற எண்ணெயோட சீனி சேர்த்து."

"கஜு ஓடா?" முதல் தரமாகச் சிரித்தார். "எதற்கு?"

"மருந்தை இதுக்குள்ள பிடிச்சு வைக்கலாம், சேர்" என்றார் அக்கே. "மெல்ல மெல்ல வெளியில விடும். பெற்றோலிலயிருந்து செய்யிற சாமானுக்குப் பதிலா, மரத்திலயிருந்து வாறது. இன்னும் அங்க போய்ச் சேரேல்ல. இப்பதான் தொடங்கியிருக்கிறம்."

கால் மணித்தியாலம் போயிருக்கும். அக்கே என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் குப்பியைத் தொடவில்லை. பரிசோதகரைப் பார்த்து, "நீங்களே கவிழ்த்துப் பாருங்க" என்றார்.

அவர் இரண்டு விரலால் பிடித்து, முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, கவிழ்த்தார்.

ஓடவில்லை.

முத்திரை குத்தும் கொன்ஸ்டபிள் "அடே" என்றார். பரிசோதகர் நிமிர்த்தினார், திரும்பக் கவிழ்த்தார், தட்டிப் பார்த்தார். பிறகு, "இன்னொரு தரம்" என்றார். வேறு கிளாஸில் சுடச்சுடத் தேத்தண்ணி வந்தது. இன்னொரு தரம் செய்தோம். அதுவும் சரியாக வந்தது. அவர் என் பெயரைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, அட்டையைத் திருப்பித் தந்தார். "இனி இப்படி எதையும் கொண்டுபோனால் கடிதத்தையும் கொண்டுபோங்க. என்னைப்போல எல்லோருக்கும் நேரம் இருக்காது" என்றார்.

அக்கா வந்து சேர்ந்தபோது நாங்கள் வாசலில் நின்றோம். புதுக்கடையிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்திருந்தாள். கையில் சட்டத்தரணியின் கடிதத் தாள். நடந்ததைச் சொன்னபோது என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தலைக்குப் பூசிறது எண்டு சொன்னா உனக்கு என்னடி குறைஞ்சு போகும்?"

உள்ளே வாங்கில் இருந்தவரைக் காட்டினேன். "அவருக்கு வர ஆள் இல்லை, அக்கா."

அவள் உள்ளே போய், அவர் பக்கத்தில் அமர்ந்து, பெயரும் கடையின் விலாசமும் தோட்டத்தின் பெயரும் எழுதிக்கொண்டாள். அடுத்த நாள் அவளுடைய சட்டத்தரணி அங்கே போனார். கடை முதலாளியைக் கூட்டிக்கொண்டு போனாராம். அதற்கும் அடுத்த நாள் அந்த மலையகத்துக்காரரை விட்டார்கள். அவர் அக்காவின் அலுவலகத்துக்கு வந்து, ஒரு பை தேயிலையை மேசையில் வைத்துவிட்டுப் போனாராம். அந்தத் தேயிலையைக் கன நாள் குடித்தோம்.

பொலிஸ் நிலையத்திலிருந்து அன்று நாங்கள் மூன்று பேரும் நேரே ராத்தாவிடம் போயிருந்தோம். நடந்ததைக் கேட்டு அவர் தலையில் கை வைத்தார். முதலில் எங்களுக்குக் குடிக்கத் தந்தார். பிறகுதான் குப்பியை வாங்கினார். கவிழ்த்தார். தன் கறுத்த விரலால் கண்ணாடியைத் தட்டினார்.

"இது அந்த எண்ணெயோ?"

"அதுதான், ராத்தா."

"கையை எரிக்கிறது இதுவோ? இப்பிடிக் குளிர்ந்து கிடக்கு." கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தார். "கைக்குப் பூசலாமோ?"

ஓம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது. "தெரியாது, ராத்தா. இன்னும் சோதிக்கேல்ல. தெரியாமல் பூசச் சொல்ல மாட்டன்."

"அது நல்லது" என்றார்.

அக்கே அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சிங்களத்தில் கதைத்தார்கள். ராத்தாவின் சிங்களம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எந்த இடத்தில் முதலில் எரிகிறது, சாம்பல் எவ்வளவு நேரம் தாங்கும், எந்தக் கையுறை போட்டால் கத்தி வழுக்கும் என்றெல்லாம் அக்கே கேட்டார். அடுத்த கிழமை அவர் ஐந்து விதக் கையுறைகளோடு அங்கே போனார். நான்கை அந்தப் பெண்கள் ஒதுக்கினார்கள். ஐந்தாவது, உள்ளே மெல்லிய பருத்தித் துணியும் வெளியே தடித்த இறப்பருமாக இருந்தது, அவர்களுக்குச் சரிவந்தது. எங்கள் ஆராய்ச்சியால் அந்த முற்றத்துக்குக் கிடைத்த முதல் பயன் அந்தக் கையுறைதான். ஆய்வேட்டில் அதற்கு ஓர் இடம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பிறகு வேலை வேகமாகப் போனது. மருந்துக்குப் பதிலாக, மஞ்சளிலிருந்து பிரித்த நிறப்பொருளை ஜெல்லுக்குள் ஏற்றினோம். தண்ணீரில் சற்றும் கரையாத அது, நூல்களின் எண்ணெய்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, குப்பி முழுக்க மஞ்சளாக நின்றது. அவ்வளவு நுண்ணிய நூலைப் படம் பிடிக்கும் இலத்திரன் நுணுக்குக்காட்டி எங்களிடம் இருக்கவில்லை. வெளிநாட்டிலிருக்கும் பேராசிரியரின் நண்பர் ஒருவருக்கு ஜெல்லை உலர்த்தி அனுப்பினோம், இந்த முறை கடிதத்தோடு. இரண்டு மாதத்தில் படம் வந்தது.

அதைக் கணினியில் திறந்தபோது அக்கேயும் நானும் ஒரு கதிரையில் நெருக்கிக்கொண்டு இருந்தோம். நூல்கள். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய நூல்கள், சில முறுக்கிக்கொண்டு, சில கிளைவிட்டு, ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. அதுவரை எங்கள் மனதிலும் கரும்பலகையிலும் மட்டும் இருந்தவை.

"தம்பிக்கு இதைக் காட்டவேணும்" என்றார் அக்கே. அவருடைய தம்பி அந்த மாதம் விடுமுறையில் வருவதாக இருந்தது. வந்தார். ஒரு காது கேட்கவில்லை, ஆனால் வந்தார். ஆய்வுகூடத்துக்கும் ஒரு நாள் வந்து, படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, என் அம்மா அப்பாவைப் பற்றி விசாரித்தார். அம்மாவின் கோல் அந்தக் கிழமை வந்திருந்தது என்று சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்.

படத்தின் ஒரு பிரதியைக் கொட்டாஞ்சேனைக்கும் கொண்டுபோனேன். ராத்தா அதை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"நூலெல்லே இது. ஆர் திரிச்சது?"

"ஒருத்தரும் இல்லை, ராத்தா. தானாத் திரிஞ்சது. சூடாக்கி விட்டிட்டு, தொடாமல் இருந்தா, அதுகள் தாங்களாச் சேர்ந்து நூலாகும்."

அவர் மற்றப் பெண்களைக் கூப்பிட்டார். அவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து குனிந்து பார்த்தார்கள். ராத்தா படத்தில் விரல் வைத்து அவர்களுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். "இது எங்கட ஓட்டு எண்ணெய். சீனிப் பாகில போட்டுக் காய்ச்சினா இப்பிடி நூலாகும்."

"பாகில இல்லை, ராத்தா" என்றேன். "எண்ணெயின்ர ஒரு முனையில ஒரே ஒரு சீனியை ஒட்டுறம். அந்த முனை தண்ணிப் பக்கம் நிக்கும். மற்ற முனை தண்ணி வேண்டாமெண்டு உள்ளுக்க ஒளியும். அப்பிடி ஒளியிறதெல்லாம் ஒண்டோட ஒண்டு சேரும்."

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். உதடு மெல்ல அசைந்தது. பிறகு படத்தைத் திருப்பிப் பிடித்து, முதலிலிருந்து அவர்களுக்குச் சொன்னார். இந்த முறை ஒரு பிழையும் இல்லை.